எதிரே கப்பல் வருகிறது: பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் படகுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் ஐஸ் பெட்டியும் தூண்டிலுமாகத் தோட்டத்திலிருந்து ஜெட்டிக்கு இறங்குகிறவர்களுக்காக இந்தப் பக்கம். ஆற்று வாயைத் தாண்டினால் மலாக்கா நீரிணை. செம்பிலான் தீவுகள் வரை போகிறவர்களும் உண்டு, பூலாவ் ஜாராக் வரை ஏறக்குறைய 40 கடல்மைல் ஓடுகிறவர்களும் உண்டு. அங்கே நமக்குப் பக்கத்தில் ஓடுவது 300 மீட்டர் நீளக் கப்பல்கள். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர், ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல் வேகம். கீழே எல்லாக் கணக்கும் இந்த அளவில்தான்.

கடலில் மோதலைத் தவிர்க்கச் சட்டம் இருக்கிறதா? எங்கள் 5 மீட்டர் ஃபைபர் படகுக்கும் அது பொருந்துமா?

இருக்கிறது, பொருந்தும். 1972 அக்டோபர் 20இல் ஏற்கப்பட்டு 1977 ஜூலை 15 முதல் நடப்பில் உள்ள அனைத்துலக மோதல் தடுப்பு விதிகள் அவை. இன்றைக்கு 41 விதிகள், 4 இணைப்புகள். தண்ணீரில் போக்குவரத்துக்குப் பயன்படும் எதுவானாலும் அதன் கண்ணில் கலம்தான். சம்பான், ஜெட் ஸ்கி, எண்ணெய்க் கப்பல் எல்லாம் அதில் அடக்கம். கடலோடு மட்டும் முடிவதும் இல்லை. கடலோடு இணைந்து, கடற்கலம் வந்து போகக்கூடிய ஆற்றுப் பகுதிக்கும் இதே விதிகள்தான். எனவே பேராக் ஆற்று வாய் “நம்ம ஆறுதானே” என்று விட்டுவிடக்கூடிய இடமல்ல.

ரோட்டில் இடப்பக்கம் போகிறோம். கடலில்?

வலப்பக்கம். நம் ஊர்க்காரர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறோம்.

தோட்டத்துச் செம்மண் ரோட்டில் எதிரே மோட்டார் வந்தால் யோசிக்காமலே இடப்பக்கம் ஒதுங்குவோம். கை அப்படிப் பழகிவிட்டது. கடலில் இரண்டு என்ஜின் கலங்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஒன்றின் இடப்பக்கம் மற்றதன் இடப்பக்கத்தைப் பார்த்தபடி கடந்து போகும். நீங்கள் பழக்கத்தில் இடப்பக்கம் திருப்பி, எதிரே வருகிறவர் விதிப்படி வலப்பக்கம் திருப்பினால் இரண்டு பேரும் ஒரே பக்கத்துக்குத்தான் போகிறீர்கள். 1956 ஜூலை 25 இரவு அமெரிக்காவின் நான்டக்கெட் அருகே ஆண்ட்ரியா டோரியா, ஸ்டாக்ஹோம் என்ற இரண்டு பயணிகள் கப்பல்கள் மோதியதும் இப்படித்தான். இரண்டிலும் ராடார் இருந்தது. ஒன்று இடப்பக்கம் திரும்பியது, மற்றது வலப்பக்கம் திரும்பியது. 51 பேர் இறந்தார்கள்.

குறுக்கே கடக்கும்போது மட்டும் நம் ரோட்டுப் பழக்கம் கைகொடுக்கும். வட்டச்சாலையில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழி விடுகிறோம் அல்லவா? கடலிலும் அதே. என்ஜின் கலம் ஒன்று உங்கள் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வந்தால் நீங்கள்தான் விலக வேண்டும். அதன் முன்னால் புகுந்து ஓடக் கூடாது. வலப்பக்கம் திரும்பி அதன் பின்னால் போங்கள், இல்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள்.

ஆற்று வாய் போன்ற ஒடுங்கிய வாய்க்காலிலும் வலக் கரையை ஒட்டியே போக வேண்டும். தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றுத் திட்டுக்குப் பயந்து எல்லோரும் நடுவில் ஓடுவார்கள். அப்போது வளைவுகளில் வேகத்தைக் குறைத்து, ஒரு நீண்ட ஹார்ன் (4 முதல் 6 வினாடி) கொடுத்துவிட்டு வளையுங்கள். அந்தப் பக்கம் ஆள் இருந்தால் அவரும் ஒரு நீண்ட ஹார்னில் பதில் தர வேண்டும்.

தூரத்தில் ஒரு கப்பல் தெரிகிறது. அது என்மேல் வருமா, விலகிப் போகுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செம்பனை லோரியை நினைத்துக்கொள்ளுங்கள். மரங்களுக்கு நடுவே இரண்டு ரோடு சந்திக்கும் இடத்தை நோக்கி நீங்கள் மோட்டாரில் போகிறீர்கள். பக்கத்து ரோட்டில் லோரி வருகிறது. லோரி உங்கள் பார்வையில் முன்னால் நகர்ந்துகொண்டே போனால் அது உங்களுக்கு முந்திச் சந்தியைக் கடந்துவிடும். பின்னால் தங்கிக்கொண்டே போனால் நீங்கள் முந்திக் கடப்பீர்கள். கண்ணுக்கு ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சந்திக்கு வந்து சேர்வீர்கள்.

கடலில் இதைத் திசைக்கோணம் என்போம். கைத் திசைகாட்டியால் கப்பலின் கோணத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும், இன்னும் இரண்டு நிமிடம் கழித்து மூன்றாவது முறையும் பாருங்கள். 040, 041, 040 என்று வந்து தூரமும் குறைந்துகொண்டிருந்தால் மோதல் அபாயம் இருக்கிறது. 040, 046, 053 என்று ஓடினால் கடந்துவிடும். சந்தேகமாக இருந்தால் அபாயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதியே சொல்கிறது.

திசைகாட்டி இல்லாவிட்டால், ஒரே இடத்தில் உட்கார்ந்து படகின் கம்பி ஒன்றுக்கு நேராகக் கப்பலை வைத்துப் பார்க்கலாம். ஆனால் அலையில் படகின் தலை ஆடினால் கம்பியும் சேர்ந்து ஆடும். படகு நேராக ஓடும்போது மட்டுமே இந்த வழி உதவும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நீளமான கப்பல் கிட்டத்தில் வரும்போது அதன் பாலத்தின் (கப்பலை ஓட்டும் மேல் அறையின்) கோணம் மாறுவதாகத் தெரியும், ஆனால் முன்முனை உங்களை இடித்துவிடும். எனவே முன்முனை, பின்முனை இரண்டையும் பாருங்கள். ஒன்று ஒரு பக்கமாகவும் மற்றது எதிர்ப்பக்கமாகவும் அகன்றுகொண்டே போனால் கப்பல் உங்களை நோக்கித்தான் வருகிறது.

கப்பல் கண்ணில் பட்டதிலிருந்து எத்தனை நிமிடம் கிடைக்கும்?

நினைப்பதைவிடக் குறைவு. 15 நாட்டில் வரும் கப்பல் நிமிடத்துக்கு 463 மீட்டர் ஓடுகிறது. நீங்கள் நின்றுகொண்டிருந்தால் 6 கடல்மைலை அது 24 நிமிடத்தில் முடிக்கும். நீங்கள் 20 நாட்டில் அதை நோக்கி ஓடினால் அதே 6 மைலுக்குப் பத்து நிமிடம்தான்.

இன்னொன்று: படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டர் மேலே இருந்தால் அவருடைய அடிவானம் இரண்டரைக் கடல்மைல்தான். பெரிய கப்பலின் மேல்கட்டு அதற்கும் மேலே எழும்பி 13, 14 மைலிலேயே தெரியலாம். உங்களைப் போன்ற இன்னொரு சிறு படகு 5 மைலுக்கு முன்னால் தெரியவே தெரியாது, அதுவும் தெளிவான நாளில். சிறு படகும் சிறு படகும் மோதுவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம், அவுட்போர்ட் என்ஜின் முழு வேகத்தில் படகின் முகப்பைத் தூக்கிவிடும். ஓட்டுகிறவருக்கு நேர் முன்னால் உள்ளதே மறைந்துபோகும். முன்னால் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது சுமையை முன்னே நகர்த்துங்கள்.

அவ்வளவு பெரிய கப்பலில் ராடார், ஆட்கள் எல்லாம் இருக்கும். அவர்களே நம்மைப் பார்த்து விலகமாட்டார்களா?

பார்த்தால் விலகலாம். பார்ப்பார்கள் என்பதற்கும், பார்த்தாலும் நேரத்துக்குள் திரும்ப முடியும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

முதலில் மறைவிடம். கொள்கலன் அடுக்கிய கப்பலில் பாலத்திலிருந்து பார்த்தால் முன்முனைக்கு முன்னால் உள்ள கடற்பரப்பு ஓரளவு தெரியாது. அனைத்துலக விதி அந்த மறைவை இரண்டு கப்பல் நீளம் அல்லது 500 மீட்டர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் அனுமதிப்பதில்லை. அதாவது 500 மீட்டர் வரை மறைவு சட்டப்படியே அனுமதிக்கப்பட்டது. அந்த இடத்துக்குள் நீங்கள் இருந்தால் பாலத்தில் நிற்பவரின் கண்ணுக்கு நீங்கள் இல்லை.

அடுத்து நிற்கும் தூரம். முழு வேகத்திலிருந்து பின்னோக்கி என்ஜின் கொடுத்தால் 15 கப்பல் நீளத்துக்குள் நிற்க வேண்டும் என்பது தரம். மிகப் பெரியவற்றுக்கு 20 வரை விடலாம். 330 மீட்டர் எண்ணெய்க் கப்பலுக்கு அது ஏறக்குறைய 5 கிலோமீட்டர் முதல் 6.6 கிலோமீட்டர் வரை. திரும்புவது அதைவிடச் சுலபம், ஆனால் அந்த வட்டமும் 5 கப்பல் நீளம் வரை அகலம் பிடிக்கும்.

மூன்றாவது ஆழம். மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளைக் கடக்கும் கப்பல்கள் அடித்தட்டுக்குக் கீழே குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் எப்போதும் இருக்கும்படி ஓட வேண்டும். ஆழமாக அமிழ்ந்த கப்பலுக்கு நீங்கள் நினைக்கிற பக்கம் திரும்பத் தண்ணீர் இருக்காது. இரவில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சிவப்பு விளக்கோ பகலில் கறுப்பு உருளையோ காட்டினால் “ஆழத்தால் கட்டுப்பட்டிருக்கிறேன்” என்று பொருள். அதன் வழியில் போய் நிற்காதீர்கள்.

ஒடுங்கிய வாய்க்காலிலும், போகிற கப்பலுக்கும் வருகிற கப்பலுக்கும் தனித்தனி வழி வகுத்த பாதைப் பிரிப்புப் பகுதியிலும் 20 மீட்டருக்குக் குறைந்த கலங்கள் பெரிய கப்பலின் பாதுகாப்பான ஓட்டத்துக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. இது மரியாதைக்காகச் சொன்னது அல்ல, விதியில் எழுதியிருக்கிறது.

நாங்கள் மீன் பிடிக்கிறோம். மீன்பிடிக் கலத்துக்கு எல்லோரும் வழி விட வேண்டும் என்கிறார்களே?

இதை நம்பித்தான் பலர் கப்பல் பாதையில் தைரியமாக உட்கார்ந்திருக்கிறார்கள். விதியின் கணக்கில் “மீன்பிடியில் ஈடுபட்ட கலம்” என்றால் வலை, நீள்கயிற்றுத் தூண்டில், இழுவலை போன்றவற்றால் தன் நகர்ச்சியே கட்டுப்பட்ட கலம். படகு ஓடும்போது பின்னால் இழுத்துப்போகும் தூண்டிலுக்கு அந்தச் சலுகை இல்லை என்று விதியே பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது. கையில் தூண்டில் பிடித்து உட்கார்ந்திருக்கும் நீங்கள் சாதாரண என்ஜின் கலம்தான்.

உண்மையான மீன்பிடிக் கலத்துக்கும் வரம்பு உண்டு. வாய்க்காலிலோ கப்பல் பாதையிலோ மற்றவர்களை மறிக்க அதற்கு அனுமதி இல்லை. 1992 ஆகஸ்டில் ரோயல் பசிபிக் என்ற உல்லாசக் கப்பல் மலாக்கா நீரிணையில் மூழ்கியது. அதை இடித்தது ஒரு மீன்பிடிக் கப்பல்.

சரி, யார் யாருக்கு விலக வேண்டும்?

ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்க முடிகிற நேரத்தில், மேலிருந்து கீழாக: முதல் படியில் கட்டுப்பாடு இழந்த கலமும் வேலையின் தன்மையால் திரும்ப முடியாத கலமும் (தூர் வாருவது, கேபிள் போடுவது), பிறகு மீன்பிடியில் ஈடுபட்டது, பாய்மரம், என்ஜின் கலம். கீழே இருப்பது மேலே இருப்பதற்கு விலக வேண்டும். நாம் கடைசி வரியில் இருக்கிறோம்.

இதையெல்லாம் மீறுகிற ஒரு விதி முந்திச் செல்வது. யார் யாரை முந்தினாலும், முந்துகிறவர்தான் விலக வேண்டும், அது பாய்மரமாக இருந்தாலும் சரி. மற்றதன் நேர்ப்பக்கவாட்டிலிருந்து 22.5 டிகிரிக்கு மேல் பின்னாலிருந்து வந்தால் நீங்கள் முந்துகிறவர். இரவில் இதற்குச் சுலபமான சோதனை, அதன் பின் வெள்ளை விளக்கு மட்டும் தெரியும், பச்சையும் சிவப்பும் தெரியாது. பாதியில் பக்கவாட்டுக்கு வந்த பிறகு “இப்போது நான் குறுக்கே கடக்கிறவன்” என்று கணக்கை மாற்றிக்கொள்ள முடியாது. முற்றிலும் கடந்து விலகும் வரை பொறுப்பு உங்களுடையதே.

விலகும்போது எவ்வளவு திருப்ப வேண்டும்?

எதிரே இருப்பவர் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும் அளவுக்கு. ஐந்து டிகிரி, இன்னொரு ஐந்து டிகிரி என்று தவணையில் திருப்பினால் அவருக்கு ஒன்றுமே தெரியாது; ராடாரில் இன்னும் மோசம். குறைந்தது 30 டிகிரி, இடம் இருந்தால் 60 டிகிரி. இரவில் உங்கள் பச்சை மறைந்து சிவப்பு தெரிகிற அளவுக்குத் திருப்பினால் அவருக்கு உறுதியாகப் புரியும். வேகத்தைக் குறைப்பதும் சரியான வழிதான், ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தெரிய நேரமாகும். சிறு படகில் இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

நான் நேராகப் போக வேண்டியவன், அவர்தான் விலக வேண்டும். அவர் விலகவில்லை என்றால்?

முதலில் நீங்கள் திசையும் வேகமும் மாற்றாமல் போக வேண்டும். அவர் உங்களை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். நடுவில் நீங்கள் ஆடினால் கணக்கு கெடும். அவர் விலகுகிறதாகத் தெரியவில்லை என்றால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஹார்னை வேகமாக அடியுங்கள். “உன் எண்ணம் எனக்குப் புரியவில்லை” என்பது அதன் பொருள். அப்போதும் அசையாவிட்டால் நீங்களே விலகலாம். அவர் ஒருவரால் மட்டும் மோதலைத் தவிர்க்க முடியாத நிலை வந்துவிட்டால் விலகியே ஆக வேண்டும். குறுக்கே வருகிற என்ஜின் கலம் உங்கள் இடப்பக்கத்தில் இருந்தால் இடப்பக்கம் திருப்பாதீர்கள். அவர் தாமதமாக விழித்துக்கொண்டு வலப்பக்கம் திருப்பினால் நேரே உங்கள்மேல் வருவார்.

இது ஏட்டில் உள்ளது. 6 மீட்டர் படகுக்கும் 300 மீட்டர் கப்பலுக்கும் நடுவில் எங்கள் கருத்து வேறு: அபாயம் உருவாகும் முன்பே, 3, 4 மைலில், ஒதுங்கிவிடுங்கள். அபாயம் உருவான பிறகுதான் யார் விலக வேண்டும் என்ற கேள்வியே எழும். அதற்கு முன்னால் எந்தப் பக்கம் போனாலும் விதிமீறல் இல்லை.

எங்கள் படகில் என்ன விளக்கு கட்ட வேண்டும்?

சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை, பகலில் பார்வை மங்கினாலும். 12 மீட்டருக்குக் குறைந்த என்ஜின் படகுக்குச் சுற்றிலும் தெரிகிற ஒரு வெள்ளை விளக்கும், இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சையும் போதும். வெள்ளை 2 மைல், பக்க விளக்கு 1 மைல் தெரிய வேண்டும். வெள்ளை விளக்கு பக்க விளக்குகளைவிடக் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பக்க விளக்கு ஒவ்வொன்றும் நேர் முன்னிலிருந்து 112.5 டிகிரி வரை மட்டும் காட்ட வேண்டும். 7 மீட்டருக்குக் குறைந்து, 7 நாட்டுக்கு மேல் ஓட முடியாத படகு சுற்று வெள்ளை ஒன்றோடு தப்பிக்கலாம். இன்றைய 40 குதிரைச் சக்தி அவுட்போர்ட் கட்டிய படகு அந்தக் கணக்கில் வராது.

கட்டுவதில் நடக்கும் தவறுகள் எல்லாம் ஒரே மாதிரிதான். சிவப்பு, பச்சை இடம் மாறுவது முதல் தவறு. பின்னால் நின்று முன்பக்கம் பார்த்துச் சரிபாருங்கள்; எதிரே நின்று பார்த்தால் மூளை திருப்பிப் போடும். வெள்ளை விளக்குக் கம்பம் தாழ்வாக இருந்தால் ஓட்டுகிறவரின் தலையே அதைப் பின்னாலிருந்து மறைக்கும். அலங்காரத்துக்குப் பச்சை, நீல எல்இடி பட்டி ஒட்டுகிறவர்கள் தூரத்துக் கப்பலுக்கு இல்லாத பொய்ச் செய்தி அனுப்புகிறார்கள். பால்மரம் வெட்டும் நெற்றி விளக்கைப் படகில் மாட்டிக்கொள்வதும் வேண்டாம்: தலை திரும்பும் பக்கமெல்லாம் வெள்ளை வெளிச்சம், எதிரே உள்ளவருக்குப் படகு எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது, உங்கள் கண்ணும் இருட்டுக்குப் பழகாது. இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு வெளிச்சம் அதை அடித்துவிடும்.

மின்கலக் கணக்கு: மூன்று எல்இடி விளக்கும் சேர்ந்து 6 வாட் என்றால் 12 வோல்ட்டில் அரை ஆம்பியர். 12 மணி நேர இரவுக்கு 6 ஆம்பியர்-மணி. ஈய மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்பதால் 12 ஆம்பியர்-மணி மின்கலம் வேண்டும். மோட்டார் சைக்கிளின் 5 ஆம்பியர்-மணி மின்கலம் நடுராத்திரிக்கு மேல் தாங்காது. விளக்கு மங்குவதை நீங்கள் கவனிக்கமாட்டீர்கள், ஏனென்றால் அது உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது. கையில் ஒரு டார்ச் லைட் எப்போதும் இருக்கட்டும். ஆபத்தில் உங்கள் படகின்மேலேயே அடித்துக் காட்டலாம். அடுத்தவர் பாலத்தின்மேல் அடித்துக் கண்ணைக் கூசவைக்காதீர்கள்.

இரவில் எதிரே தெரியும் விளக்குகளை எப்படிப் படிப்பது?

சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தால் அவர் நேரே உங்களை நோக்கி வருகிறார். சிவப்பு மட்டும் என்றால் அவருடைய இடப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள், பச்சை மட்டும் என்றால் வலப்பக்கத்தை. 50 மீட்டர், அதற்கு மேற்பட்ட கப்பலில் இரண்டு வெள்ளை மாஸ்ட் விளக்கு உண்டு, பின்னது உயரம். இவை 6 மைல் தெரிய வேண்டும். பக்க விளக்குகளுக்கு 3 மைல்தான் தேவை. ஆகவே முதலில் கண்ணில் படுவது அந்த இரண்டு வெள்ளைகள். தாழ்ந்தது இடப்பக்கமாகத் தெரிந்தால் கப்பல் இடப்பக்கமாக ஓடுகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக நின்றால் அது உங்கள்மேல் வருகிறது, உடனே நகருங்கள்.

பச்சைக்குக் கீழே வெள்ளை: இழுவலை. சிவப்புக்குக் கீழே வெள்ளை: மற்ற வலை. அதன் வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் அந்தத் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கு இருக்கும்; அந்தப் பக்கம் போகாதீர்கள். இரண்டு சிவப்பு: கட்டுப்பாடு இழந்தது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு: திரும்ப முடியாத வேலையில் இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட நம் பக்கம் ஆபத்தானது டக்போட்டும் (இழுவைப் படகு) அது இழுக்கும் பார்ஜும் (தட்டையான சரக்குக் கலம்). டக்போட்டில் மாஸ்ட் விளக்கு இரண்டு மேலும் கீழுமாக இருக்கும். இழுவையின் நீளம் 200 மீட்டரைத் தாண்டினால் மூன்று. பின்னால் வெள்ளைக்கு மேலே மஞ்சள். பார்ஜில் பக்க விளக்கும் பின் விளக்கும் மட்டும்தான், அவையும் சில நேரம் மங்கி எரியும். நடுவில் உள்ள கம்பிக் கயிறு தண்ணீருக்குள் தொங்குகிறது. டக்போட் போய்விட்டது என்று அதன் பின்னால் குறுக்கே புகுந்தால் அந்தக் கயிற்றில் சிக்குவீர்கள், பார்ஜ் நிற்காமல் உங்கள்மேல் ஏறும். மூன்று வெள்ளை வரிசையாகத் தெரிந்தால் பார்ஜும் முழுதாகக் கடக்கும் வரை காத்திருங்கள்.

புகைமூட்டத்திலும் சுமத்ராப் புயலிலும் விதி மாறுமா?

மாறும். மூடுபனி, கனமழை, மணற்புயல், இவை போன்ற காரணங்களால் பார்வை குறைந்தால் தனி விதி. 1997இலும் 2015இலும் நாம் அனுபவித்த புகைமூட்டம் இந்தக் கணக்கில்தான் வரும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபோது “நீ விலகு, நான் நேரே போகிறேன்” என்ற பங்கீடே கிடையாது, இருவரும் பொறுப்பு. முன்பக்கத்திலிருந்து ஹார்ன் கேட்டால் சுக்கானுக்குப் படகு கட்டுப்படுகிற அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் நிறுத்துங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட ஹார்ன் அடிக்கும். நின்றுவிட்டால் இரண்டு நீண்டவை. 12 மீட்டருக்குக் குறைந்த படகு அதே முறையில் அடிக்கக் கட்டாயமில்லை, ஆனால் ஏதாவது ஒரு பலத்த ஓசையை அதே இடைவெளியில் எழுப்ப வேண்டும். அழுத்தக் குப்பி ஹார்ன் போதும், மாற்றுக் குப்பி ஒன்று கூடவே வைத்திருங்கள். என்ஜினை அவ்வப்போது அணைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். உங்கள் அவுட்போர்ட் சத்தத்தில் அடுத்தவர் ஹார்ன் கேட்காது.

சுமத்ராப் புயல் பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும், தென்மேற்குப் பருவக்காலத்தில் வரும். மேற்கே கறுப்புத் திரை எழும்பினால் மழை வந்து சேரும் முன்பே கப்பல் பாதையை விட்டு வெளியே வாருங்கள்.

கைத்தொலைபேசியில் கப்பல்கள் காட்டும் செயலி இருக்கிறது. போதாதா?

போதாது. அந்தச் செயலி காட்டுவது ஏ.ஐ.எஸ். கருவி (தன் அடையாளம், இடம், வேகத்தை வானொலி வழியே தானாக அனுப்புவது) உள்ள கலங்களை மட்டும். அனைத்துலகப் பயணம் போகும் 300 டன்னேஜும் அதற்கு மேற்பட்டதுமான கப்பல்களுக்கு அது கட்டாயம். பக்கத்தில் வரும் சம்பானுக்கு இல்லை. இணையம் வழியாக வரும் தகவல் பல நிமிடம் பழையதாகவும் இருக்கலாம். 15 நாட் கப்பல் 5 நிமிடத்தில் ஒன்றேகால் மைல் நகர்ந்திருக்கும்.

சொந்தமாக சிறு படகு வகைக் கருவி வைத்தால் நீங்கள் கப்பலின் திரையில் தெரிவீர்கள். அது ஓடும்போது 30 வினாடிக்கு ஒருமுறை அனுப்பும். பெரிய கப்பலின் கருவியோ வேகத்தைப் பொறுத்து 2 முதல் 10 வினாடிக்கு ஒருமுறை. பணம் செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு ராடார் பிரதிபலிப்பான். ஃபைபரும் மரமும் ராடார் அலையைச் சரியாகத் திருப்பித் தருவதில்லை, மழையும் அலையும் திரையில் போடும் புள்ளிகளுக்குள் நீங்கள் கரைந்துபோவீர்கள். உலோகத் தகடுகளைத் துல்லியமான செங்கோணத்தில் கோத்த எண்முக வடிவம் வாங்கி, முடிந்தவரை உயரத்தில் கட்டுங்கள். தகடு நசுங்கினால் செங்கோணம் கெட்டு வேலை செய்யாது. சமையல் அலுமினியத் தாளைக் கசக்கி உறைக்குள் போட்டுத் தொங்கவிடுவதும் அதே காரணத்தால் வீண்.

வி.எச்.எஃப். வானொலியில் கூப்பிட்டுப் பேசி முடிவு செய்யலாமா?

16ஆம் அலைவரிசையைக் கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் “எதிரே வரும் கப்பலே” என்று கூப்பிட்டால் வேறு ஏதோ ஒரு கப்பல் பதில் தரும். அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்டு இதன்முன் திரும்புவீர்கள். பேச்சில் நிமிடங்களும் கரையும். சுக்கானும் ஹார்னும் முதலில்.

நங்கூரம் போட்டு மீன் பிடிக்கும்போது?

வாய்க்காலிலும் கப்பல் பாதையிலும் போடாதீர்கள். மற்ற இடங்களில் பகலில் முன்பக்கம் ஒரு கறுப்புப் பந்து, இரவில் சுற்று வெள்ளை விளக்கு. கலங்கள் போய்வராத இடத்தில் மட்டும் 7 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு விலக்கு. நங்கூரக் கயிற்றின் முனையில் மிதவை கட்டி வைத்தால் அவசரத்தில் கயிற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடலாம், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு மணிக்கு ஒருமுறை என்ஜினைக் கிளப்பிப் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கக் கூடாது. நங்கூரத்தில் இருந்தாலும் கண்காணிப்பு விதி நிற்பதில்லை.

கப்பலில் அதிகாரியாகச் சேர விரும்பும் பிள்ளைகளுக்கு இந்த விதிகள் தேவையா?

தளப் பிரிவு அதிகாரிக்கு (பாலத்தில் நின்று கப்பலை ஓட்டுகிறவருக்கு) இதுதான் உயிர்ப் பாடம்; வாய்மொழித் தேர்வில் விளக்குப் படங்களைக் காட்டிக் கேட்பார்கள். மலாக்காவில் குவாலா சுங்கை பாருவில் உள்ள மலேசியக் கடல் அகாடமி இதற்கான முக்கியப் பயிற்சி இடம். பணம் கட்டும் முன்பே நிறப்பார்வைச் சோதனை செய்துவிடுங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவருக்குப் பாலத்தில் வேலை இல்லை.

கருவி எவ்வளவு இருந்தாலும் மனிதத் தவறு நிற்காது. 2017 ஆகஸ்ட் 21இல் சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயில் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், ஆல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கான், உந்துவிசைக் கட்டுப்பாடுகளை ஒரு மேசையிலிருந்து மற்றதுக்கு மாற்றும்போது குழப்பம். சுக்கான் போய்விட்டது என்று நினைத்தார்கள். அது பக்கத்து மேசையில் இருந்தது. களைப்பைக் குறைக்க 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு என்பது அனைத்துலக விதி.

மோதிவிட்டால்?

என்ஜினை அணையுங்கள், தண்ணீரில் ஆள் இருந்தால் விசிறி வெட்டிவிடும். அதற்காகத்தான் கொலைக் கயிறு என்று நாம் சிரிக்கிற அந்தச் சிவப்புக் கயிற்றை ஓட்டுகிறவர் மணிக்கட்டிலோ காலிலோ மாட்ட வேண்டும். ஆட்களை எண்ணுங்கள். லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள் போடட்டும். துளையை உள்ளிருந்து துணி, மெத்தை எதையாவது வைத்து அடைத்து, சுமையை எதிர்ப்பக்கம் நகர்த்தித் துளையை நீருக்கு மேலே தூக்குங்கள். 16ஆம் அலைவரிசையில் “மேடே” (உயிராபத்து அழைப்பு) மூன்று முறை, படகின் பெயர், இடம், எத்தனை பேர், என்ன ஆயிற்று. கைத்தொலைபேசிக்குச் சிக்னல் இருந்தால் 999. மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்குத் தகவல் போகும். படகு கவிழ்ந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டே இருங்கள், நீந்திக் கரைக்குப் போக நினைக்காதீர்கள். தேடுகிறவர்களுக்குத் தலை தெரியாது, படகு தெரியும்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு துண்டுத் தாள் விட்டுப் போங்கள்: படகின் நிறம், பதிவு எண், எத்தனை பேர், எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அந்த நேரத்துக்கு எத்தனை மணி நேரம் கழித்து 999க்கு அழைக்க வேண்டும் என்பது வரை.